மாடிப்படி விளக்குக்கு ‘ஆஃப்’ எந்தப் பக்கம்?

வீட்டு மின்சாரம் பத்தின நம்ம பேச்சுல இந்த வாரம் மாடிப்படி விளக்கு. கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவுல ஒரு பல்பு. எங்கிருந்து வேணும்னாலும் போடலாம், எங்கிருந்து வேணும்னாலும் அணைக்கலாம். இதைப் பத்தி ஒரு பகுதி முழுக்கப் பேச என்ன இருக்குன்னு தோணும். நேயர் ஒருத்தர் அனுப்பின கேள்வியை முதல்ல படிச்சுடறேன்.

“மாடிப்படி பல்பு ஃபியூஸ் ஆயிடுச்சு. என் பையன் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஸ்டூல் போட்டு ஏறினான். பழைய பல்பைக் கழட்டிட்டு, ஹோல்டர் உள்ளே தூசியா இருக்கேன்னு விரலால தொடச்சிருக்கான். தூக்கிப் போட்டுடுச்சு. கீழே விழுந்து மணிக்கட்டுல கட்டு. ஆஃப்ல இருக்கிற சுவிட்ச் வழியா எப்படி கரண்ட் வரும்? சுவிட்சை மாத்தணுமா?”

அம்மா, சுவிட்ச் நல்லாவே இருக்கலாம். அதை மாத்துறதால இது தீராது. மாடிப்படிக்குப் போடுற டூ-வே சுவிட்சுல ஆஃப்னு ஒரு பக்கமே கிடையாது. இன்னிக்குப் பேச்சு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுத்தித்தான் போகப் போகுது.

காகிதம், பேனா பக்கத்துல இருந்தா எடுத்துக்குங்க. வண்டி ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க வீட்டுக்குப் போய் வரைஞ்சு பாருங்க.

ரூம்ல இருக்கிற சாதாரண சுவிட்ச், அதாவது ஒன்-வே. பின்பக்கம் ரெண்டு முனை. ஒண்ணுல ஃபேஸ் வருது, இன்னொண்ணுல இருந்து பல்புக்குப் போகுது. போட்டா சேரும், அணைச்சா பிரியும். பாலம் இருக்கு, பாலம் இல்லை, அவ்வளவுதான். டூ-வே சுவிட்சுல பின்பக்கம் மூணு முனை இருக்கும். நடுவுல இருக்கிறது காமன். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு முனை. நீங்க சுவிட்சை மேலே தட்டினா காமன் ஒரு பக்கத்து முனையோட சேரும். கீழே தட்டினா அதை விட்டுட்டு அடுத்த பக்கத்து முனையோட சேரும். கவனிங்க, எந்த நிலையிலும் அது ஏதோ ஒண்ணோட சேர்ந்துதான் இருக்கு. பிரிஞ்சு சும்மா நிக்கிற நிலையே அதுக்கு இல்லை.

ரயில் தண்டவாளத்துல பாயிண்ட் மாத்துவாங்க இல்லையா, அதே மாதிரி. ஒரு ஸ்டேஷன்ல இருந்து ஒத்தைத் தண்டவாளம் வருது. பாயிண்ட்ல ரெண்டாப் பிரியுது. அடுத்த ஸ்டேஷன்ல இன்னொரு பாயிண்ட், அங்கே ரெண்டும் திரும்ப ஒண்ணாச் சேருது. ரெண்டு பாயிண்ட்டும் ஒரே தண்டவாளத்தைப் பார்த்து இருந்தா வண்டி போயிடும். ஒண்ணு இடது, ஒண்ணு வலதுன்னு இருந்தா போகாது. மாடிப்படி வயரிங்கும் இதேதான். ஃபேஸ் வயர் கீழ் சுவிட்சோட காமனுக்கு வருது. கீழ் சுவிட்சோட ரெண்டு பக்க முனையில இருந்து ரெண்டு வயர் மேலே போய், மேல் சுவிட்சோட ரெண்டு பக்க முனையில ஏறுது. இந்த ரெண்டு வயரையும் நான் ஜோடி வயர்னு சொல்றேன். மேல் சுவிட்சோட காமன்ல இருந்து ஒரே ஒரு வயர் பல்புக்கு. பல்போட அடுத்த பக்கத்துக்கு நியூட்ரல் நேரா வருது, எந்த சுவிட்சையும் தொடாம.

இப்ப ரெண்டு சுவிட்ச், ஆளுக்கு ரெண்டு நிலை, மொத்தம் நாலு விதம். ரெண்டு பேரும் ஒரே ஜோடி வயரைப் பிடிச்சிருந்தா எரியும், அது ரெண்டு விதம். ஆளுக்கொரு வயரைப் பிடிச்சிருந்தா எரியாது, அது ரெண்டு விதம். எந்த சுவிட்சை ஒரு தடவை தட்டினாலும் எரியறது அணையும், அணைஞ்சது எரியும். அதனால கீழ் சுவிட்ச் மேல்நோக்கி இருக்கறதைப் பார்த்து “ஆஃப்ல இருக்கு”ன்னு சொல்ல முடியாது. மேல் சுவிட்ச் எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும். அதுக்கும் மேல, எது மேட்ச் எதுங்கிறது வயர் மாட்டினவர் எந்த முனையில எதை மாட்டினார்ங்கிறதைப் பொறுத்தது.

சரி, ‘ரெண்டையும் பார்க்க வேண்டாம், பல்பு எரியலைன்னா ஆஃப்னுதானே அர்த்தம்’னு கேட்கலாம். பல்பு நல்லா இருக்கிற வரைக்கும் அது சரி. ஆனா நாம எப்ப ஸ்டூல் போட்டு ஏறுவோம்? பல்பு ஃபியூஸ் ஆனப்பத்தான். அப்ப போட்டிருந்தாலும் எரியாது, அணைச்சிருந்தாலும் எரியாது. அந்தப் பையன் சாதாரண சுவிட்ச் பழக்கத்துல ஒரு தட்டு தட்டியிருப்பான். அணைஞ்சிருந்ததை அந்தத் தட்டலே போட்டு விட்டிருக்கலாம். வயரிங்ல ஒரு குறையும் இல்லாத வீட்டுலயே இது நடக்கும்.

அதனால மாடிப்படி பல்பை மாத்தும்போது சுவிட்சை நம்பாதீங்க. எம்சிபியை இறக்குங்க. எது அந்த விளக்கோட எம்சிபின்னு தெரியலைன்னா மெயினையே இறக்கிடுங்க. அஞ்சு நிமிஷம் ஃபேன் நிக்கும், பரவாயில்லை. இன்னொரு காரணமும் இருக்கு. நீங்க ஸ்டூல் மேல நிக்கும்போது மாடியில இருந்து இறங்கி வர்றவங்க, இருட்டா இருக்கேன்னு பழக்கத்துல மேல் சுவிட்சைத் தட்டிடுவாங்க. சின்னப் பசங்க இருக்கிற வீடுன்னா சொல்லவே வேண்டாம்.

இதுவரைக்கும் சொன்னது சரியா வயரிங் பண்ணின வீடு. இப்ப சரியில்லாத வீட்டுக்கு வருவோம். அது நிறைய இருக்கு. இந்த வேலையில இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். பழைய வீட்டுல மாடிப்படி சுவிட்ச் பாக்ஸைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்குமோன்னு ஒரு தயக்கம் எனக்கு இன்னும் உண்டு.

சரியான முறைக்கு ரெண்டு ஜோடி வயர் கீழே இருந்து மேலே போகணும். அதுக்கு ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல பைப் வேணும். வீடு கட்டும்போது அந்த பைப் போடலைன்னு வைங்க. அல்லது கீழ் வீடு முதல்ல கட்டி, பத்து வருஷம் கழிச்சு மாடி எடுத்தாங்கன்னு வைங்க. வேலைக்கு வந்தவர் பார்க்கிறார். கீழ் போர்டுல ஃபேஸும் நியூட்ரலும் இருக்கு. மேல் போர்டுலயும் ஃபேஸும் நியூட்ரலும் இருக்கு. சுவரைக் காடி வெட்டினா வீட்டுக்காரர் சத்தம் போடுவார், பூச்சு வேலை, பெயிண்ட் எல்லாம் கூடச் சேரும். அவர் ஒரு குறுக்கு வழி பண்றார். கீழ் டூ-வே சுவிட்சோட ஒரு பக்க முனையில கீழ் போர்டு ஃபேஸ், அடுத்த பக்க முனையில கீழ் போர்டு நியூட்ரல். காமன்ல இருந்து ஒரு வயர் பல்போட ஒரு பக்கத்துக்கு. மேல் சுவிட்சுலயும் அதே மாதிரி, மேல் போர்டு ஃபேஸ், மேல் போர்டு நியூட்ரல், காமன்ல இருந்து ஒரு வயர் பல்போட அடுத்த பக்கத்துக்கு. முடிஞ்சது. காடி வேண்டாம், ஜோடி வயர் வேண்டாம். ரெண்டு இடத்துல இருந்தும் பல்பு எரியுது, அணையுது. வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்.

எப்படி எரியுதுன்னு பாருங்க. ஒரு சுவிட்ச் ஃபேஸைக் கொடுத்து இன்னொண்ணு நியூட்ரலைக் கொடுத்தா பல்பு எரியும். ரெண்டும் நியூட்ரலைக் கொடுத்தா எரியாது. ரெண்டும் ஃபேஸைக் கொடுத்தாலும் எரியாது, ஏன்னா ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம், ஓட்டம் இல்லை. இந்தக் கடைசி நிலைதான் ஆளைக் கொல்றது. பல்பு அணைஞ்சிருக்கு, ஆனா ஹோல்டரோட ரெண்டு பின்லயும் 230 வோல்ட் நிக்குது. பல்பு நல்லா இருந்து, கண் முன்னாடி அணைஞ்சிருந்து, நீங்க தைரியமாக் கையை வெச்சாலும் அடிக்கும். சாதாரணமா ஷாக்குக்கு ஒரு பின்தான் காரணம், இதுல எந்தப் பின்னைத் தொட்டாலும் அதே கதை.

அமெரிக்காவில் இந்த மாதிரி இணைப்புக்கு கார்ட்டர் சிஸ்டம்னு பேரே இருக்கு. அங்கே ரொம்ப காலத்துக்கு முன்னாடியே விதியில தடை பண்ணிட்டாங்க. நியூட்ரலை ஒரு ஒத்தைத் துருவ சுவிட்ச் வழியாக் கொண்டு போகக் கூடாது, ஃபேஸைத்தான் சுவிட்ச் வெட்டணும்ங்கிறது வயரிங்ல அடிப்படைப் பாடம், நம்ம ஊர் விதியும் அதுதான். இந்தக் குறுக்கு வழியில ரெண்டு இடத்துலயும் அதை மீறுறோம்.

இன்னொரு கதையும் சேர்ந்துக்குது. நம்ம ஊர்ல நிறைய வீட்டுக்கு மூணு ஃபேஸ் சர்வீஸ். கீழே ஒரு ஃபேஸ், மாடிக்கு ஒரு ஃபேஸ்னு பிரிச்சிருப்பாங்க. அல்லது ஒரு ஃபேஸ் போனா மாத்திக்க திருப்புற சுவிட்ச் வெச்சிருப்பாங்க. ரெண்டு மாடியும் ஒரே ஃபேஸ்ல ஓடுற வரைக்கும் இந்தக் குறுக்கு வழி சத்தமில்லாம இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஒரு ஃபேஸ் போகுது. மாடியை மட்டும் வேற ஃபேஸுக்குத் திருப்புறீங்க. போன ஃபேஸ் திரும்பி வந்த பிறகு ரெண்டு சுவிட்சும் ஃபேஸைக் கொடுக்கிற நிலை வந்தா பல்போட ஒரு பக்கம் ஒரு ஃபேஸ், அடுத்த பக்கம் வேற ஃபேஸ். நடுவுல 400 வோல்ட். 230-க்குச் செஞ்ச எல்இடி பல்பு ‘டப்’புன்னு போயிடும். “மாடிப்படியில மட்டும் பல்பு நிக்கவே மாட்டேங்குது, கம்பெனி மாத்தி மாத்திப் போட்டுட்டேன்”னு சொல்றவங்க வீட்டுல நான் முதல்ல பார்க்கிறது இதைத்தான்.

கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்கு, ரெண்டு தனி மீட்டர்னா இன்னும் சிக்கல். ஒரு வீட்டு மெயினை இறக்கிட்டு வேலை பார்த்தாலும் அடுத்த வீட்டு ஃபேஸ் அந்த ஹோல்டர் வரைக்கும் வந்து நிக்கும்.

சரி, நம்ம வீடு எந்த ரகம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எதையும் கழட்டாம, எதையும் தொடாம ஒரு வழி சொல்றேன். மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி எம்சிபி இருந்தா இது பலிக்கும். பல்பு நல்லா எரியற பல்பா இருக்கணும். கூட ஒரு ஆள் வேணும், ஒருத்தர் கீழ் சுவிட்ச் கிட்ட, ஒருத்தர் மேல் சுவிட்ச் கிட்ட. பகல்ல பண்ணுங்க, இல்லைன்னா கையில டார்ச் வெச்சுக்குங்க.

கீழ் லைட் எம்சிபியை மட்டும் இறக்குங்க. இப்ப ரெண்டு சுவிட்சையும் நாலு விதத்துலயும் போட்டுப் பாருங்க, பல்பு எதுலயாவது எரியுதான்னு குறிச்சுக்குங்க. கீழ் எம்சிபியை ஏத்திட்டு, மேல் எம்சிபியை மட்டும் இறக்கி அதே நாலு விதத்தையும் பாருங்க. சரியான வயரிங்ல ஒரே ஒரு எம்சிபிக்குத்தான் அந்த விளக்கு கட்டுப்படும். அதை இறக்கினா நாலு விதத்துலயும் எரியாது. இன்னொண்ணை இறக்கினா விளக்குக்கு ஒண்ணுமே ஆகாது, வழக்கம் போல ரெண்டு விதத்துல எரியும், ரெண்டுல எரியாது.

எதை இறக்கினாலும், நாலுல ஒரே ஒரு விதத்துல மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்குன்னா, உங்க வீட்டுல நான் சொன்ன குறுக்கு வழிதான். எதை இறக்கினாலும் முழுசா அணையுதுன்னாலும் சரியில்லை. அப்ப ஃபேஸ் ஒரு இடத்துல இருந்தும் நியூட்ரல் வேற இடத்துல இருந்தும் வருதுன்னு சந்தேகப்படணும். ரெண்டுல எது வந்தாலும் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்க. அவர்கிட்ட “மாடிப்படி லைட்டைப் பாருங்க”ன்னு மட்டும் சொல்லாதீங்க. பார்ப்பார், எரியுது, அணையுது, நல்லாத்தான் இருக்குன்னு போயிடுவார். “டூ-வே சுவிட்சுல நியூட்ரல் ஏறியிருக்கான்னு திறந்து பாருங்க”ன்னு சொல்லுங்க. வேலை தெரிஞ்சவருக்கு அந்த ஒரு வரி போதும்.

ரெண்டு மாடிக்கும் ஒரே எம்சிபின்னா இந்தச் சோதனை ஒண்ணும் சொல்லாது. அப்ப பாக்ஸைத் திறக்கத்தான் வேணும். வயர் கலரை வெச்சு முடிவு பண்ணாதீங்க. கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்துங்கிறது வழக்கம். ஆனா பழைய வேலையில கையில மிச்சம் இருந்த வயரை இழுத்து விட்டிருப்பாங்க. பச்சை வயரையே ஜோடி வயராப் போட்டிருந்த வீடு நான் பார்த்திருக்கேன். அடுத்து வர்றவர் பச்சைதானே, எர்த்துதானேன்னு கையால பிடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க.

ஆர்சிசிபி போட்ட வீட்டுல இந்தத் தப்பு தானா வெளியே வரும். ஆர்சிசிபி பார்க்கிறது ஒண்ணே ஒண்ணு: ஃபேஸ்ல போன கரண்ட் அதே அளவு நியூட்ரல்ல திரும்பி வந்துச்சா. வீட்டுக்குப் போடுறதுல 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள்ள இறக்கிடும். மாடிக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஆர்சிசிபி இருக்கிற வீட்டுல, கீழ் ஃபேஸ்ல கிளம்பின கரண்ட் மேல் நியூட்ரல்ல திரும்பினா, கீழே இருக்கிறதுக்குக் கணக்கு உதைக்கும். 9 வாட் எல்இடி பல்பு ஒண்ணே 40 மில்லி ஆம்பியருக்குக் குறையாம எடுக்கும். போட்ட உடனே வீடே இருட்டு. அப்ப சில பேர் சொல்ற வைத்தியம், “சார், இந்த ஆர்சிசிபி ரொம்ப சென்ஸிட்டிவ், எடுத்துடலாம்.” தயவு செஞ்சு சம்மதிக்காதீங்க. அது உண்மையைத்தான் சொல்லுது. குழந்தை பிளக் பாயிண்ட்ல கம்பியை விட்டா காப்பாத்துறதும் அதே ஆர்சிசிபிதான். ஒரு மாடிப்படி பல்புக்காக அதைக் கழட்டிப் போடறது எனக்குப் புரியவே இல்லை.

இப்ப கொஞ்சம் சின்ன விஷயங்கள். ஷாக் இல்லை, ஆனா தினமும் எரிச்சல் தர்றது.

“கீழ் சுவிட்சைப் போட்டு வெச்சாத்தான் மேல் சுவிட்ச் வேலை செய்யுது. யாராவது கீழே அணைச்சுட்டா மேலே தட்டித் தட்டிப் பார்த்தாலும் எரியலை.” இந்தக் கேள்வி நிறைய வருது. இதுக்குக் காரணம் பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. முதலாவது, பழைய டூ-வே சுவிட்ச் கெட்டுப்போய், அந்த இடத்துல கடையில கேட்டு சாதாரண ஒன்-வே சுவிட்சை வாங்கி மாட்டிட்டாங்க. முன்பக்கம் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூணு வயர்ல ரெண்டை மாட்டிட்டு, மூணாவதுக்கு டேப் சுத்தி உள்ளே தள்ளியிருப்பாங்க. அந்த டேப் சுத்தின முனையிலயும் கரண்ட் வரலாம், அடுத்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்குங்கிறதைப் பொறுத்து. ரெண்டாவது காரணம், சுவிட்ச் டூ-வேதான், ஆனா காமன்ல ஏற வேண்டிய வயர் பக்க முனையில ஏறிடுச்சு.

எது காமன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரும்பாலும் நடு முனைதான், ஆனா எல்லாக் கம்பெனியும் அப்படித்தான்னு எடுத்துக்க வேண்டாம். புது சுவிட்சைப் பெட்டியில இருந்து எடுத்து மேஜை மேல வெச்சு, மல்டிமீட்டரை ‘பீப்’ சத்தம் வர்ற இடத்துல வெச்சு, முனைகளை ரெண்டு ரெண்டாத் தொட்டுப் பாருங்க. எந்த ரெண்டு முனைக்கு நடுவுல, சுவிட்சை எப்படித் தட்டினாலும் சத்தமே வரலையோ, அந்த ரெண்டும் பக்க முனை. மிச்சம் இருக்கிறது காமன். சுவர்ல மாட்டியிருக்கிற சுவிட்சுல இதைப் பண்ணக் கூடாது, தனியா இருக்கிற சுவிட்சுல மட்டும்.

அடுத்தது, எல்இடி பல்பு அணைச்ச பிறகும் மங்கலா மினுக்கறது. பேய் விளக்குன்னு ஒரு தாத்தா கேட்டார். பேய் இல்லை. ஜோடி வயர் ரெண்டும் ஒரே பைப்ல ஒட்டி ஒட்டிப் போகுது. பல்பு அணைஞ்சிருக்கும்போது ஒரு வயர்ல ஃபேஸ் நிக்குது, பல்புக்குப் போற வயரோட அடுத்தது சேர்ந்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இன்சுலேஷன் ஒரு சின்ன கண்டென்சர் மாதிரி வேலை செஞ்சு, துளியூண்டு கரண்டைக் கடத்தும். பழைய குண்டு பல்புக்கு அது பத்தவே பத்தாது, எல்இடிக்கு மினுக்க அதுவே போதும். வேற பல்பு போட்டுப் பாருங்க, நிறைய நேரம் அதுலயே போயிடும். ஆனா மினுக்கறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு, நியூட்ரலை சுவிட்சுல வெட்டியிருந்தாலும் இப்படி ஆகும். அதனால முன்னாடி சொன்ன எம்சிபி சோதனையை ஒரு தடவை பண்ணிட்டு, நியூட்ரல் சுவிட்சுல ஏறலைன்னு பார்த்துட்டு நிம்மதியா இருங்க.

மூணு மாடி இருக்கு, மூணு இடத்துல சுவிட்ச் வேணும்னா? முதலும் கடைசியும் டூ-வேதான். நடுவுல போடறது வேற சுவிட்ச், இன்டர்மீடியட்னு கேட்கணும். பின்னால நாலு முனை. ஜோடி வயர் ரெண்டும் ஒரு பக்கம் நுழைஞ்சு அடுத்த பக்கம் வெளியே போகும். ஒரு தட்டுல நேரா விடும், அடுத்த தட்டுல ரெண்டையும் குறுக்கே மாத்தி விடும். ரயில் கணக்குல சொன்னா, நடு வழியில தண்டவாளம் ரெண்டும் இடம் மாறிக்குது. அதனால எந்த மாடியில தட்டினாலும் விளக்கு மாறும். நாலு மாடின்னா நடுவுல ரெண்டு இன்டர்மீடியட், அப்படியே போகலாம். எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலயும் இது கையில இருக்காது, சொல்லி வெச்சு வாங்கணும். “அது கிடைக்காது சார், ரெண்டு டூ-வேயைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ரெண்டையும் சேர்த்துத் தட்டிக்கலாம்”னு சிலர் சொல்வாங்க. கணக்குப்படி அது சரிதான். ஆனா ராத்திரி தூக்கக் கலக்கத்துல யார் ரெண்டையும் சேர்த்துத் தட்டுவாங்க? ஒண்ணை மட்டும் தட்டினா கீழ் சுவிட்ச், மேல் சுவிட்ச் ரெண்டுல ஒண்ணு வேலை செய்யாது.

அடுக்குமாடிக் கட்டடம்னா இந்த வழியே வேண்டாம்னு சொல்வேன். ஒவ்வொரு மாடியிலயும் காலிங் பெல் சுவிட்ச் மாதிரி அழுத்துற பட்டன், எல்லாத்துக்கும் சேர்த்து மீட்டர் பெட்டி கிட்ட ஒரு டைமர். அழுத்தினா சில நிமிஷம் எரிஞ்சு தானா அணையும். பட்டன் எத்தனை வேணும்னாலும் சேர்க்கலாம், அத்தனைக்கும் ரெண்டே வயர். அல்லது ஆள் நடந்தா எரியற சென்சார் விளக்கு. ஆனா வயசானவங்க மெதுவாப் படி ஏறும்போது நடுவுல அணைஞ்சுடக் கூடாது, நேரத்தைக் கொஞ்சம் தாராளமா வைங்க.

இப்ப வீடு கட்டிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு. இதைக் கூரை கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடி கேட்கிறீங்கன்னா அதிர்ஷ்டசாலிங்க. மாடிப்படியோட கீழ் சுவிட்ச் பாக்ஸுக்கும் மேல் சுவிட்ச் பாக்ஸுக்கும் நேரடியா ஒரு முக்கால் இஞ்ச் பைப் விடச் சொல்லுங்க. வேற லைனோட பைப்ல சேர்க்க வேண்டாம், தனியா. அந்த ஒரு பைப் இருந்தா நான் சொன்ன குறுக்கு வழிக்கே தேவை வராது. உள்ளே ரெண்டு ஜோடி வயருக்கு ஒரே கலர், வீட்டுல வேற எதுக்கும் பயன்படுத்தாத கலரா இருந்தா நல்லது. பச்சை மட்டும் கூடவே கூடாது. கூட உபரியா ஒரு வயர் இழுத்துப் போடுங்க. விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். ஒரு மாடி உயரத்துக்கு மூணு வயர்னா 90 மீட்டர் காயில்ல ஒரு சின்னப் பங்குதான். இந்தக் காசை மிச்சம் பிடிக்கிற மேஸ்திரியை நம்பாதீங்க.

வேற எங்கே டூ-வே வேணும்? படுக்கையறையில வாசல் பக்கம் ஒண்ணு, கட்டில் தலைமாட்டுல ஒண்ணு. இதுக்குக் கட்டில் எங்கே வரும்னு முன்னாடியே முடிவு பண்ணணும், இல்லைன்னா சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால போயிடும். ரெண்டு வாசல் உள்ள ஹால். நீளமான நடை. ராத்திரி பாத்ரூம் போற வழி, முக்கியமா வீட்டுல பெரியவங்க இருந்தா. எல்லா ரூமுக்கும் எல்லா லைட்டுக்கும் போட்டுக்கிட்டு இருக்க வேண்டியதில்லை, எது எங்கேன்னு உங்களுக்கே மறந்துடும்.

இன்வெர்ட்டர் இருந்தா மாடிப்படி விளக்கு அந்த லைன்ல இருக்கட்டும், கரண்ட் போன நேரத்துலதான் படியில தடுக்கி விழுவோம். ஆனா ஃபேஸ், நியூட்ரல் ரெண்டுமே இன்வெர்ட்டர் லைன்ல இருந்துதான் வரணும். ஃபேஸ் இன்வெர்ட்டர்ல, நியூட்ரல் வேற எங்கேயோங்கிற கலவை வேண்டாம்.

திருச்சி அம்மாவுக்குத் தனியா ஒரு வார்த்தை. பையனுக்குக் கை சரியானதும், நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அந்த எம்சிபி சோதனையைப் பண்ணிப் பாருங்க. நாலு விதத்துல எதுல எரியுது, எதுல எரியலைன்னு எழுதி அனுப்புங்க, என்ன அர்த்தம்னு அடுத்த பகுதியில சொல்றேன். மத்தவங்களும் உங்க வீட்டுல என்ன வந்ததுன்னு அனுப்பலாம். அடுத்த பகுதியில தண்ணி மோட்டார், ஸ்டார்ட்டர், அது ஏன் அடிக்கடி ‘டிரிப்’ ஆகுதுங்கிறதைப் பார்க்கலாம்.